வாசலில் தொங்கிய தெர்மாமீட்டர்

அப்பா,

போன வாரம் ஒரு மத்தியானம் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிட்டது. கரண்டு போகவில்லை, தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றின் வீடியோவை முடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், திரை கறுத்துவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து சூடேறிய தூசியின் வாசனை வந்தது. ரொம்ப நாளாகத் தொடாத இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் போட்டால் வருமே, அந்த வாசனை. வேறு யாராவதாக இருந்தால் பதறியிருப்பார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு கறுத்த திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மறுபடி ஆன் செய்தேன். எல்லாம் வந்தது. வலது கீழ் மூலையில் பச்சை நிறத்தில் உங்கள் நாற்பத்து மூன்றும் வந்து நின்றது.

அந்த எண்ணை உங்களுக்காகத்தான் அங்கே வைத்தேன். நீங்கள் போன பிறகும் அதை எடுக்கவில்லை. பாசத்தில் விட்டுவைத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். காலண்டரில் ஆடி மாசம் அப்படியே தொங்குகிறது, அதையும் கிழிக்கவில்லை. வண்டன்மேட்டிலிருந்து வந்த சித்தி என் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுரு தாயி, அழுதுட்டாத் தீந்துரும்" என்றாள். அழுகை வந்தால்தானே அழுவதற்கு. அவள் போன பிறகு அவள் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். எட்டு மாசமாக இப்படித்தான் இருக்கிறேன். சோறு ஆக்குகிறேன், சாப்பிடுகிறேன், அடுத்தவர்கள் கல்யாணத்தில் தேவையில்லாத இடங்களை வெட்டி எறிகிறேன். சோற்றில் உப்பு இருக்கிறதா என்று இவர் சொன்னால்தான் தெரிகிறது.

இத்தனை மாசத்தில் ஒரே ஒரு விஷயம்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கடைசி நாள் மத்தியானம் உள் அறையிலிருந்து உங்கள் காய்ச்சல் தொண்ணூற்றொன்பது என்று சொன்னீர்கள். சாயங்காலம் நீங்கள் இல்லை. தொண்ணூற்றொன்பதில் ஒரு மனிதர் எப்படிச் சாக முடியும்? அந்த எண் நிஜமா, அல்லது என்னிடம் பொய் சொன்னீர்களா? பதில் தெரிந்தால் என்ன ஆகிவிடப்போகிறது? ஆனாலும் தெரிய வேண்டும். வேறு எதுவுமே வேண்டாம் என்றிருக்கும் மனசு இதை மட்டும் விடமாட்டேன் என்றது.

நீங்கள் மலையிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தது முழங்கால் வலியால். ஏலக்காய் ஸ்டோர் மேட்டில் ஏறி இறங்க முடியவில்லை, அம்மாவும் இல்லை, தனியாக என்ன செய்வீர்கள் என்று நான்தான் இழுத்து வந்தேன். கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே, தென்னந்தோப்பு ஓரத்தில், சுற்றிலும் இவருடைய பங்காளிகள் வீடு. முதல் வாரம் முழுக்க ஒரே புலம்பல். "என்ன ஊரு தாயி இது, ஸ்டோருக்குள்ள குடிவச்ச மாதிரி இருக்கு" என்றீர்கள். இவர் பேசும் கொங்குத் தமிழ் உங்களுக்குப் பாதி புரியாது; உங்கள் மலைத்தமிழ் இவருக்குப் பாதி புரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருந்து, தமிழுக்கும் தமிழுக்கும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஆயுசு முழுக்க நின்றவர் நீங்கள். அடியில் விறகு எரியும், இரும்புக் குழாயில் அனல் சுற்றிவரும், மேலே அடுக்கடுக்காகத் தட்டுகளில் பச்சைக் காய். நாற்பத்தைந்தும் ஐம்பதும் உங்களுக்கு வேலை நடக்கிற சூடு. ஐம்பத்தைந்து வந்தால் உட்கார மாட்டீர்கள். அறுபது என்றால் ஓட்டம்தான். பச்சை போய்விடும், காய் வெடித்துவிடும், வண்டன்மேட்டு ஏலத்தில் கொண்டுபோய் வைத்தால் கையால் தள்ளிவிட்டுப் போவார்கள். பத்து வயசில் நானே பார்த்திருக்கிறேன், அறுபது என்ற சொல்லை யாராவது சொன்னால் உங்கள் முகம் மாறுவதை.

அப்படிப்பட்டவர் கண்ணில் என் கம்ப்யூட்டரின் வெப்பநிலைப் பட்டியல் படலாமா? பட்டுவிட்டது. எடுத்த துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒரே படமாக்குவதற்கு நாங்கள் ரெண்டர் என்போம். அந்த நேரத்தில்தான் பிராசசருக்கு மூச்சுமுட்ட வேலை இருக்கும். எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க ஒரு சின்ன புரோகிராம் போட்டுவைத்திருந்தேன். நீங்கள் காப்பி டம்ளரோடு பின்னால் வந்து நின்றீர்கள். "அது என்ன, நூத்தி இருபத்தேழுன்னு போட்டிருக்கு?" என்றீர்கள். நான் திரும்புவதற்குள் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டீர்கள். ஒரு மாலை முழுக்கச் செய்த வேலை போயிற்று.

அந்த நூற்று இருபத்தேழு எந்த இடத்துச் சூடும் இல்லை அப்பா. பட்டியலில் அதற்கு ஒரு வரி இருக்கிறது. பெட்டிக்குள் அதற்கான சென்சாரே கிடையாது. ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து எப்போதும் நூற்று இருபத்தேழு என்று வந்துகொண்டிருக்கும். இதை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. "இல்லாத எடத்துல எப்பிடித் தாயி சூடு வரும்?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டீர்கள். கடைசியில், சரி, பொய்க்கணக்கு என்று சொல் என்று நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டீர்கள். அதோடு விட்டீர்களா, அடுத்த வரிக்குப் போனீர்கள். அது பிராசசர். அது ரெண்டரில் எண்பத்தைந்து, தொண்ணூறு என்று ஏறும். அந்தச் சில்லுக்கு அது சகஜம், நூறை ஒட்டினால்தான் கவலை என்று தலைகீழாக நின்று சொன்னேன். உங்கள் காதில் அறுபதுக்கு மேல் எதுவும் ஏறவில்லை.

உடம்புக் காய்ச்சலை வேறு இதில் கொண்டுவந்து குழப்பினீர்கள். மனுசனுக்குத் தொண்ணூற்றெட்டு நல்ல சூடு, பெட்டிக்குத் தொண்ணூற்றெட்டு சாவுச் சூடா, இது என்ன நியாயம் என்று கேட்டீர்கள். அது வேறு அளவு, இது வேறு அளவு, காய்ச்சலைப் பாரன்ஹீட்டில் பார்க்கிறோம், இதை உங்கள் ஸ்டோரைப் போல செல்சியஸில் பார்க்கிறோம் என்றேன். "அப்ப ஸ்டோர் கணக்குதான். அப்ப அறுபதுல அணைக்கணும்" என்று முடித்துவிட்டீர்கள். இவர் கூட ஒருநாள் வேலைக்குப் போகும் அவசரத்தில் நின்று, "ஏனுங்க மாமா, அதைய விட்டுப்போடுங்க. அது அவ பொழப்புங்க" என்றார். பொழப்பு என்பதால்தான் அணைத்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. காய் கருகினால் யார் பொழப்பு போகும்?

நாலு தடவை ரெண்டர் நடுவில் அணைத்தீர்கள். ஸ்டுடியோக்காரர் போனில் கத்தினார். அதற்கப்புறம்தான் அந்த வேலையைச் செய்தேன். பிராசசர் எண்ணை மூலையிலிருந்து எடுத்துவிட்டு, மதர்போர்டில் ஓர் ஓரமாக இருக்கும் சென்சாரின் எண்ணை அங்கே வைத்தேன். அது அனல் பக்கமே போகாதது. என்ன ரெண்டர் ஓடினாலும் நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று என்று சாதுவாக நிற்கும். பச்சை நிறம் வேறு கொடுத்தேன். வீட்டில் அன்றைக்குத்தான் அமைதி வந்தது.

உங்களுக்கு அது பிடித்துப் போனது. ரெண்டர் போட்டால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள், ஸ்டோரில் அடுப்பு வாயில் உட்காருவது போல. வந்தவர் போனவருக்கெல்லாம், "நாப்பத்தி மூணுதான். எம்மக பொட்டி சமத்து" என்று சொல்வீர்கள். காற்றுதான் முக்கியம் என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தீர்கள். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வரட்டும் என்று மேற்கு ஜன்னலைத் திறந்துபோட்டீர்கள். பங்குனி வெயிலில் அந்தக் காற்றே அனலாக வந்ததும், எங்கிருந்தோ ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டீர்கள். அறை முழுக்க ஈரச்சாக்கு நாற்றம். கல்யாண வீடியோ பார்க்க வந்த ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சாக்கு நாற்றம் தாங்கலாம், ரெண்டர் போவதைத் தாங்க முடியாது.

ஒருநாள் நீங்கள் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றதைப் பார்த்தேன். காற்று வெளியேறும் ஓட்டைக்கு நேராகப் புறங்கையை வைத்திருந்தீர்கள். தட்டு தட்டாகக் கையை விட்டு ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று பார்த்த கை. அந்தக் காற்று நாற்பத்து மூன்றிலிருந்து வருகிற காற்று இல்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் கீபோர்டைப் பார்த்தேன். பிடிபட்டுவிட்டேன் என்று தெரிந்தது, சண்டைக்குத் தயாராக இருந்தேன். நீங்கள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

அப்புறம் நிதானமாகச் சொன்னீர்கள். "ஸ்டோர்ல வாசலாண்ட ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். மொதலாளி வந்தா அதத்தான் காட்டுவோம். வாசல் சூடு எப்பவும் கம்மியா இருக்கும், பாத்துட்டு நிம்மதியாப் போயிருவாரு. உள்ள தட்டுச் சூட்ட நாங்க பாத்துக்கிருவோம்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள், பல் செட் கழன்று விழுகிற மாதிரி. அதற்குப் பிறகும் வருகிறவர்களிடம் நாற்பத்து மூன்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஆனால் சொல்லும்போது என்னை ஓரக்கண்ணால் பார்ப்பீர்கள். சுவிட்சைத் தொடுவதை விட்டுவிட்டீர்கள். உள்ளே இருப்பதை நான் பார்த்துக்கொள்வேன் என்று விட்டீர்கள் போல. எனக்கு அது பெருமையாக இருந்தது. ஸ்டோரில் என்னை நீங்கள் உள்ளே விட்டதே இல்லை.

ஆடியில் மழை விடாமல் பெய்தது. தோப்பில் விழுந்து கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளிலெல்லாம் தண்ணீர், வீட்டுக்கு வீடு காய்ச்சல். உங்களுக்கு வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்து, விடாமல் அடித்தால் ரத்தம் பார்க்கலாம் என்றார்கள். கடைசி நாள் இவர் கம்பெனிக்குப் போயிருந்தார். எனக்கு அன்று சாயங்காலத்துக்குள் ஒரு வீடியோ போயாக வேண்டும், ரிசப்ஷன் மேடையில் பெரிய திரையில் போடுகிறார்கள். முடிந்ததும் உங்களைக் கூட்டிக்கொண்டு பாலக்காடு போகலாம் என்று காலையிலேயே பேசியிருந்தோம். நான் ரெண்டர் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் உள் அறைக் கட்டிலில்.

கதவு திறந்துதான் இருந்தது. தெர்மாமீட்டர் கீச்சிட்டது எனக்குக் கேட்டது. "எவ்வளவுப்பா?" என்றேன், திரும்பாமல்.

"தொண்ணூத்தொம்பது தாயி. எறங்கிருச்சு" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "பொட்டி எவ்வளவு?" என்றீர்கள்.

"நாப்பத்தி மூணு" என்றேன்.

"அப்ப ரெண்டும் நல்லாருக்கு" என்றீர்கள். அதில் ஒரு சிரிப்பு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை யோசிக்கிறேன். தூறல் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. அதற்கப்புறம் நீங்கள் என்னிடம் எதுவும் பேசவில்லை. வீடியோ முடிந்து, அனுப்பிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்து கூப்பிட்டபோது கண் திறந்து பார்த்தீர்கள், வாய் வரவில்லை. கை சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் அளந்தபோதும் உடம்பில் சூடே இல்லை.

டெங்கு என்றார்கள். அந்த டாக்டர் நல்ல மனுஷி. என்னை உட்காரவைத்து, இந்தக் காய்ச்சலில் சூடு இறங்குகிற நேரம்தான் ஆபத்து, எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிற நேரம் அது, எத்தனையோ வீட்டில் இப்படித்தான் ஏமாறுகிறார்கள் என்று விளக்கினார். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காய்ச்சல் இறங்கியது, அது ஏமாற்றிவிட்டது. சித்தி சொன்னாள், இவர் சொன்னார், பங்காளி வீட்டில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். எல்லோருக்கும் ஆறுதலாக இருக்கிற விளக்கம். உங்களுக்கும் பழி இல்லை, எனக்கும் இல்லை, கொசு மேல்தான். அந்த விளக்கம் சரியாக இருக்க வேண்டுமென்றால் ஒன்று மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன தொண்ணூற்றொன்பது நிஜமாக இருக்க வேண்டும்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் இருக்கிறேன் என்கிறேன். தூங்குகிறாயா என்றால் தூங்குகிறேன். அதுவும் நாற்பத்து மூன்றுதான் அப்பா. ஆனால் உங்களுக்கு உள்ளே தட்டில் கை வைத்துப் பார்க்கத் தெரியும். எனக்கு உள்ளே கை வைத்தால் சூடும் இல்லை, குளிரும் இல்லை. துக்கம் என்றால் இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சில நாள் நான் துக்கத்தில்தான் இருக்கிறேனா என்றே சந்தேகம் வருகிறது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருகிறேன். அது அணைந்ததும் பாலக்காட்டில் நாங்கள் வாங்கிய கடைக்கே போன் போட்டேன். நானே மாற்றிவைத்த எண் என்பது அந்த நேரம் நினைவுக்கு வராமல், மூலையில் நாற்பத்து மூன்றுதான் காட்டுகிறது, ஆனாலும் அணைகிறது என்றேன். கடைக்காரர் மலையாளத்தில் சிரித்தார். "சேச்சி, அது போர்டின்டெ சூடல்லே? பிராசசர் நோக்கு. இப்போ உள்ளது வேண்டா, கூடியது எத்ர ஆயின்னு நோக்கு" என்றார். அது போர்டின் சூடு, பிராசசரைப் பார்; அதிலும் இப்போது எவ்வளவு என்று பார்க்காதே, அதிகபட்சம் எவ்வளவு ஏறியது என்று பார் என்கிறார்.

இத்தனை வருஷம் அந்தப் புரோகிராமை வைத்திருக்கிறேன், பக்கத்தில் இருக்கிற மற்ற வரிசைகளை ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு எண் இருக்கிறது. முதலாவது இப்போதைய சூடு. அடுத்தது இதுவரை இறங்கிய குறைந்த சூடு. மூன்றாவது, இதுவரை ஏறிய உச்சம். அவர் சொன்னபடி ஒரு சின்னப் பாட்டுத் துண்டை மட்டும் ரெண்டர் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்காராமல் அடுப்படிக்குப் போய்ப் புளி கரைத்தேன். வந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. பிராசசர் ஐம்பத்தெட்டில் நின்றது. வேலை நின்றதும் அதன் சூடு மளமளவென்று இறங்கிவிடும். அந்த நேரம் வந்து பார்க்கிறவர்கள் நன்றாகத்தான் இருக்கிறது என்று போய்விடுவார்கள். உச்சத்தில் நூறு என்றிருந்தது.

பக்கத் தகட்டை நீங்கள் கழற்றியதுதான், மறுபடி மாட்டவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பிராசசர் மேல் இருக்கும் அலுமினிய இதழ்களுக்கு நடுவில் மெத்தை போல அடைத்திருந்தது. செம்மண் தூசி, அதோடு சேர்ந்து பின்னிக்கொண்டு சணல் நார். உங்கள் ஈரச்சாக்கு உதிர்த்த நார். காற்று வரட்டும் என்று நீங்கள் கட்டியதுதான் காற்றை அடைத்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பெயிண்ட் அடிக்கிற பிரஷை எடுத்துச் சுத்தமாகத் தள்ளினேன், கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். பத்திரப்படுத்தவில்லை. சூட்டைக் கடத்துவதற்காகச் சில்லின் மேல் தடவும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, அதைத் துடைத்துவிட்டுப் புதுசு தடவினேன். மறுபடி அதே துண்டைப் போட்டேன். உச்சம் எழுபத்தொன்பது. இந்த ஊர் வெயிலுக்கு அது நல்ல எண். கல்யாண வீடியோவை முழுசாக ஓடவிட்டேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் பக்கத்தில் இல்லாத நேரத்தில் எங்கே போய் நின்றதோ அதை இது பிடித்து வைத்துக்கொள்கிறது, யார் வந்து கேட்டாலும் காட்டுகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று கால் உள் அறைக்குப் போன பிறகுதான் புரிந்தது. காய்ச்சல் தெர்மாமீட்டரும் அப்படித்தான். பட்டனை அழுத்தினால் புதுசாக அளப்பதற்கு முன்னால், கடைசியாக அளந்தது ஒரு நொடி வந்துபோகும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பார்த்ததாக மனசில் பதிந்ததில்லை.

உங்கள் மாத்திரை டப்பாவில் இருந்தது. அன்றைக்கு அப்புறம் இந்த வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. உங்கள் கட்டிலில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். நூற்று மூன்று புள்ளி எட்டு.

அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். நூற்று மூன்று புள்ளி எட்டு.

கோபம் வந்தது அப்பா. எட்டு மாசத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று வந்தது, அது உங்கள் மேல் கோபம். நான் என்ன எஸ்டேட் முதலாளியா, வாசலில் தொங்குவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவதற்கு? உங்கள் மகள் இல்லையா நான்? ஒரு கல்யாண வீடியோ. அந்த மாப்பிள்ளை பெயர்கூட இப்போது ஞாபகம் இல்லை. அதற்காகவா நூற்று மூன்றை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள்? போதாக்குறைக்கு, பெட்டி எவ்வளவு என்று என்னையும் கேட்டீர்கள். சத்தமாகத் திட்டினேன், யாருமில்லாத அறையில். உங்களை வாழ்க்கையில் ஒருநாளும் பேசாத வார்த்தையெல்லாம் பேசினேன். மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பட்டனை அழுத்தினேன், பார்த்தேன், அப்படியே கையில் இறுக்கிப் பிடித்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது.

இவர் ஷிப்ட் முடிந்து வந்து, என்னைத் தேடி உள்ளே வந்தார். இதைப் பாருங்கள் என்று நீட்டினேன். அவரிடம் காட்டிவிட வேண்டும், இன்னொருவருக்கும் தெரிய வேண்டும், அப்படி ஒரு வேகம். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து என் நெற்றியில் கை வைத்தார்.

"தொண்ணூத்தி நாலுதான் காட்டுது. காய்ச்ச ஒண்ணும் இல்ல புள்ள" என்றார்.

நான் முனையைச் சேர்த்துப் பொத்திப் பிடித்திருந்திருக்கிறேன். அது என் உள்ளங்கையை அளந்துவிட்டது. கீச்சிட்டிருக்கும், எனக்குக் கேட்கவில்லை. புதுசாக அளக்கும்வரைதான் அது பழையதைக் காட்டும். புதுசு வந்தால் பழையது போய்விடும். வாங்கி மறுபடி மறுபடி அழுத்தினேன். தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று நாலு.

அவர் பயந்துபோய் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, தலைவலி என்றேன். சுக்குக் காப்பி போடட்டுமா என்றார், போடச் சொன்னேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. டெங்கு ஏமாற்றிவிட்டது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும். நீங்கள் அன்றைக்குச் சொல்லாத எண் இப்போது எந்தக் கருவியிலும் இல்லை அப்பா. நான் மட்டும்தான் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.